லொறி பழகும் மனுசனுக்கு வீட்டில் செய்து கொடுக்க வேண்டியவை

திருகோணமலை சீனக்குடாவின் மா ஆலை, சீமெந்து ஆலை, எண்ணெய்த் தாங்கிகள் எல்லாவற்றுக்கும் இரவு பகலாக லொறி ஓடுகிறது. அதைப் பார்த்துத்தான் ஆட்டோவையோ கடலையோ விட்டு லொறிக்கு மாற நிறையப் பேர் யோசிக்கிறார்கள். பழகுகிறவர் படும் பாடு எல்லோர் கண்ணிலும் படும். அந்த மாதங்களில் வீட்டிலிருப்பவர் என்ன செய்யலாம் என்று சொல்லத்தான் ஆள் இல்லை. அதற்காகத்தான் இது.

முதலில், எந்த லொறி என்று கேட்டுக்கொள்ளுங்கள். "லொறி ஓட்டப்போறன்" என்ற ஒரு சொல்லை நம்பிக் காசு கட்டக் கூடாது. மொத்த நிறை 3,500 முதல் 17,000 கிலோகிராம் வரை என்றால் அனுமதிப்பத்திரத்தில் சீ1 (C1) வகுப்பு வேண்டும். அதற்கு மேல் சீ (C) வகுப்பு. பத்துச் சக்கர லொறிகள் பெரும்பாலும் இதில்தான் வரும். ட்ரைலர் இழுக்கும் பிரைம் மூவர் என்றால் சீஈ (CE) வேண்டும். மொத்த நிறை என்பது சுமையையும் சேர்த்து. வெறும் லொறியின் நிறையை வைத்துக் கணக்குப் போட்டுத்தான் பலர் பிழைவிடுகிறார்கள். வகுப்பு மாறி ஓட்டி விபத்து நடந்தால் காப்புறுதி கைவிரித்துவிடும். ஆகவே வேலை தருபவரிடம் வாகனப் பதிவுப் புத்தகத்திலுள்ள மொத்த நிறையைக் கேட்டு எழுதிக்கொண்டு, அதற்குப் பிறகு பயிற்சிக்குப் பதியுங்கள்.

அனுமதிப்பத்திரத்துக்குத் தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தின் சான்றிதழ் வேண்டும். கண், காது, இரத்த அழுத்தம் எல்லாம் பார்ப்பார்கள். முதல்நாள் இரவு வேலை செய்துவிட்டு, வெறும் தேத்தண்ணியோடு வெயிலில் வரிசையில் நின்றால் அழுத்தம் ஏறித்தான் காட்டும். நன்றாக நித்திரை கொள்ளவைத்து அனுப்புங்கள். கண்ணாடி போடுகிறவர் என்றால் அதை மறக்கவிடாதீர்கள். கனரக வாகன அனுமதிப்பத்திரம் 4 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது; எல்லாப் பத்திரங்களின் பிரதிகளையும் ஒரே கோப்பில் போட்டு வீட்டில் ஒரே இடத்தில் வைத்துவிட்டால் அடுத்த முறை அலுமாரியைக் கிளற வேண்டியதில்லை.

காசு விஷயம் சுருக்கமாகச் சொல்கிறேன். பழகும் காலத்தில் முழுச் சம்பளமும் பயணப்படியும் வராது. அந்த மாதங்களில் புதுச் சீட்டுப் பிடிக்காதீர்கள். அடகில் இருக்கும் நகையின் தவணைத் தேதியைக் கலண்டரில் குறித்துவையுங்கள்.

இனி முக்கியமான இடம். லொறிக்கும் வானுக்கும் பெரிய வித்தியாசம் பிரேக்கில்தான். பெரிய லொறியின் பிரேக் காற்றில் வேலை செய்கிறது. அதன் சோதனையை வாய்ப்பாடு போல ஒப்புவிக்கப் பழக்கினால்தான் பரீட்சையில் பதட்டம் வராது. இதற்கு லொறி பற்றி நீங்கள் அறிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு கொப்பியும் பிள்ளைகள் தூங்கிய பிறகு பத்து நிமிடமும் போதும்.

அவர் சொல்ல வேண்டிய வரிசை இது. சக்கரத்துக்குக் கட்டை வைக்கிறேன். என்ஜினை ஓடவிட்டுக் காற்றை நிரப்புகிறேன். நிரம்பியதும் 'புஸ்' என்று மிச்சக் காற்று வெளியே போகிறது, பெரும்பாலான லொறிகளில் காற்றழுத்தம் காட்டும் முள் அப்போது 8 பாரை (பார் என்பது அழுத்த அளவு) ஒட்டி நிற்கும். என்ஜினை நிறுத்திச் சாவியை மட்டும் திருகி வைக்கிறேன், பார்க்கிங் பிரேக்கைத் தளர்த்துகிறேன், பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடிக்கிறேன். முள் முதலில் கொஞ்சம் இறங்கிப் பிறகு அசையாமல் நிற்க வேண்டும். இறங்கிக்கொண்டே போனால் எங்கோ ஒழுகுகிறது. அடுத்து பெடலை மிதித்து மிதித்து விடுகிறேன். 4, 5 பார் அளவில் எச்சரிக்கை விளக்கோ மணியோ வர வேண்டும். வராவிட்டால் லொறியை எடுக்கக் கூடாது.

"எச்சரிக்கை வராட்டி என்னப்பா செய்வீங்க?" என்று இடையில் கேளுங்கள். வரிசையை மட்டும் மனப்பாடம் செய்தவர் அங்கேதான் தடுமாறுவார். காரணத்தோடு படித்தவர் சொல்லிவிடுவார்: பின் சக்கரத்து ஸ்பிரிங் பிரேக்கைக் காற்றுத்தான் பிடித்து வைத்திருக்கிறது. காற்று போனால் ஸ்பிரிங் தானாகவே சக்கரத்தை இறுக்கிவிடும். எச்சரிக்கை இல்லாத லொறி நட்டநடு றோட்டில் திடீரென்று நிற்கும்.

காற்றுத் தாங்கியில் சேரும் தண்ணியை வடிப்பதையும் கொப்பியில் சேர்த்துக்கொள்ளுங்கள். நம்முடைய கடற்கரை ஈரப்பதத்தில் அது சீக்கிரம் சேரும். விட்டுவிட்டால் வால்வு துருப்பிடித்துச் சிக்கும்.

டயருக்கும் இதே மாதிரித்தான். பின்னால் இரட்டைச் சக்கரம் என்பதால் உள்ளே இருப்பது காற்றுப் போனாலும் வெளியே இருப்பது தாங்கிக்கொண்டு நல்ல பிள்ளையாக நிற்கும். கம்பியால் இரண்டையும் தட்டிப் பார்க்க வேண்டும். காற்று உள்ளது கம்பியைத் திருப்பி எறியும், இறங்கியது 'தொப்' என்று சத்தம் வாங்கும். இரண்டுக்கும் நடுவில் கல் சிக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நட்டைச் சுற்றித் துருக்கோடு வழிந்திருந்தால் அந்த நட்டு தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

பிரைம் மூவர் பழகுகிறவர் என்றால் பின்னுக்கு எடுப்பதுதான் ஆளை அழவைக்கும். ட்ரைலரின் பின்புறம் இடப்பக்கம் போக வேண்டுமென்றால் ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடிக்க வேண்டும். மூளை அதை ஏற்க மறுக்கும். இரண்டு தீப்பெட்டிகளை ஊசியால் இணைத்துச் சாப்பாட்டு மேசையில் பின்னுக்குத் தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள். முன்பெட்டியை ஒரு பக்கம் திருப்பினால் பின்பெட்டி மறுபக்கம் ஓடுவது கண்ணால் தெரியும். கூடத் திருப்பினால் இரண்டும் கத்திபோல் மடிந்துகொள்ளும். அதுதான் யார்டில் கேபினின் முதுகு நசுங்கும் இடம். ஸ்டியரிங்கின் அடிப்பாகத்தைப் பிடித்துக்கொண்டு, ட்ரைலர் போக வேண்டிய பக்கத்துக்கே கையை நகர்த்துவது இன்னொரு வழி. குழம்பினால் நிறுத்தி, முன்னுக்கு எடுத்து நேராக்கிவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பதை வீட்டில் அடிக்கடி சொல்லுங்கள். பின்னுக்கு இடித்தவர்களில் பலர் முன்னுக்கு எடுக்க வெட்கப்பட்டவர்கள்தான்.

பயிற்சி முடிந்து வந்ததும் "எப்ப லைசன்ஸ் கிடைக்கும்?" என்று கேட்காதீர்கள். அன்றைக்குப் பிழைபோனது எது என்று ஒரு வரி எழுதவையுங்கள்: இடப்பக்கம் திரும்பும்போது பின்சக்கரம் கல்லில் ஏறியது, கிளச்சில் காலை வைத்தே ஓட்டினேன், கண்ணாடி பார்க்கப் பிந்தினேன். ஒரே பிழை மூன்று தடவை வந்தால் அதைப் பயிற்றுநரிடம் நேரே சொல்ல வேண்டும்.

நித்திரைக்கு நீங்கள்தான் காவல். இரவு ஓட்டம் தொடங்கினால் பகலில்தான் கண் மூட வேண்டிவரும்; அந்த நேரத்தில்தான் மீன்காரன் கூவுவான், ஒலிபெருக்கி போடுவார்கள், பிள்ளைகள் பள்ளியால் வருவார்கள். யன்னலுக்குக் கறுப்புத் துணி, ஒரு மின்விசிறி, போனை வேறு அறையில் வைப்பது: இந்த மூன்றும் மருந்தை விட மேல். கச்சான் வீசும் மாதங்களில் தகரக் கூரை வீட்டில் மத்தியானம் படுக்கவே முடியாது. விடியற்காலையில் வந்து சேர்ந்தால் சாப்பிட்ட கையோடு படுக்கவிடுங்கள், கடைக்கு அனுப்பாதீர்கள்.

கட்டிக் கொடுக்கும் சாப்பாட்டில் சோற்றைப் பாதியாக்கி மரக்கறியையும் மீனையும் கூட்டுங்கள். வயிறு நிரம்பியவருக்குப் பின்னேரம் இரண்டு மணிக்குக் கண் சொருகும். விடியப்புறம் இரண்டிலிருந்து ஐந்துவரை உடம்பே நித்திரையைக் கேட்கும், எந்தச் சாப்பாடும் அதை மாற்றாது. அப்போது ஓரமாக நிறுத்தி, கோப்பி குடித்துவிட்டு 20 நிமிடம் படுப்பது நல்லது. கோப்பி வேலை செய்யத் தொடங்குவதற்கும் எழும்புவதற்கும் சரியாக இருக்கும். கேபின் சூட்டில் தண்ணி நிறையப் போகும். சலம் கழிக்க நிற்க வேண்டுமே என்று குடிக்காமல் விடுகிறவர்கள் பிறகு சிறுநீரகக் கல்லோடு வருகிறார்கள்.

மலை இறக்கத்தைப் பற்றி ஒரு கவலை எனக்கு உண்டு. நம்முடைய ஊர் சமதரை. நிலாவெளி றோட்டில் நன்றாக ஓட்டுகிறவர் கண்டி வழியிலுள்ள கடுகண்ணாவை இறக்கத்தில் முதல் தடவை பாரத்தோடு நிற்கும்போது பயம் வருவது நியாயம். ஏறின கியரிலேயே இறங்கு என்பார்கள் பழைய சாரதிகள். இறக்கம் தொடங்க முன்னமே கியரைக் குறைத்து, என்ஜின் புகையை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸோஸ்ட் பிரேக்கைப் போட வேண்டும். பிரேக்கிலேயே கால் வைத்துக்கொண்டு வந்தால் ட்ரம் சூடேறி விரிந்து, லைனிங் பிடியை இழந்துவிடும். பெடல் இருக்கும், பிரேக் இருக்காது. தனியாக அனுப்ப முதல் அனுபவசாலி ஒருவரோடு ஒரு தடவையாவது அந்த வழி போய்வரட்டும் என்று முதலாளியிடம் கேட்கச் சொல்லுங்கள்.

போன் அழைப்புக்கு ஒரு கணக்கு வையுங்கள்: புறப்படும்போது ஒன்று, நிறுத்தும் இடங்களில் ஒன்று, சேர்ந்ததும் ஒன்று. மூன்றையும் அவர்தான் எடுக்க வேண்டும். கொழும்பு போகும் ஏ6 வழியில் கந்தளாய், ஹபரண, தம்புள்ள என்று இடங்களை முன்னமே பேசிக்கொண்டால் உங்களுக்கும் மனம் ஆறும். கந்தளாய் தாண்டி அக்போபுர, கல்ஓயா சந்தி, ஹபரண வரை இரவில் யானை கடக்கும் பகுதி; அங்கே வேகம் குறையும், நேரம் இழுக்கும். யானை நின்றால் தூரத்திலேயே நிறுத்திவிட்டு, ஹோர்ன் அடிக்காமல், பெரிய விளக்கைப் பாய்ச்சாமல் காத்திருக்க வேண்டும். ஆகவே ஹபரண அழைப்புக்கு முக்கால் மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த யானைப் பகுதியை அவர் தாண்டும் வரை நீங்கள் அழைக்காதீர்கள்.