வினைச்சொல்லைத் திருத்தும்போது

யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாளன்று வெளியிடும் 'கல்வெட்டு' என்னும் நினைவு நூலுக்கு வாழ்க்கைக் குறிப்பு எழுதித் தருமாறும், எழுதியதைப் பார்த்துத் தருமாறும் உறவினர்களும் அயலவர்களும் என்னிடம் கேட்பதுண்டு. அவற்றைத் திருத்தும்போது அடைமொழிகளைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டு, முதலில் வினைகளைத்தான் பார்க்கிறேன். ஒரு மனிதர் என்ன செய்தார் என்று சொல்ல வந்த எழுத்தின் பாரம் முழுவதும் வினைச்சொல்லின் மீதே இருக்கிறது.

அண்மையில் கைக்கு வந்த ஒரு குறிப்பில் இப்படி இருந்தது: "அன்னாரால் விவசாயச் செய்கை மேற்கொள்ளப்பட்டு வந்ததோடு, கிராம மாணவர்களுக்கான இலவசக் கல்விச் சேவையும் வழங்கப்பட்டது." இதில் இலக்கணப் பிழை ஏதுமில்லை. ஆனால் மனிதர் 'ஆல்' உருபுக்குள் மறைந்துவிட்டார். மேற்கொள்ளுதலும் வழங்குதலும் எந்த வேலைக்கும் பொருந்துவதால் எந்த வேலையையும் காட்டவில்லை. அவர் உண்மையில் என்னதான் செய்தார் என்று மகளிடம் விசாரித்த பின், வாக்கியம் இவ்வாறு மாறியது: "விடியமுன் எழுந்து தோட்டத்துக்கு இறைத்தார்; புகையிலை நட்டார், வெட்டினார், குடிலில் புகை போட்டார்; மாலையில் அயற்பிள்ளைகளை விறாந்தையில் இருத்தி, காசு வாங்காமல் கணக்குப் படிப்பித்தார்." நல்ல வினை அகராதியில் கிடைப்பது அரிது, அந்த வேலையை அறிந்தவரிடம் கேட்டால் உடனே கிடைக்கிறது.

'மேற்கொள்ளப்பட்டது', 'வழங்கப்பட்டது' என 'படு' சேர்ந்து வரும் செயப்பாட்டுவினை தமிழுக்குப் புதிதன்று. ஆயினும் அதன் தேவை தமிழில் குறைவு. எழுவாயைச் சொல்லாமலே "வீதியைத் திருத்தினார்கள்" என்று முடித்துவிடலாம். செயப்படுபொருளைச் செய்தது போலச் சொல்லும் வழக்கையும் தொல்காப்பியம் மரபாக ஏற்கிறது. உரையாசிரியர்கள் காட்டும் "திண்ணை மெழுகிற்று" என்னும் எடுத்துக்காட்டுக்குத் திண்ணை மெழுகப்பட்டது என்பதே பொருள்; அதில் 'படு' இல்லை, பொருளும் குழம்பவில்லை. அலுவலகக் கடிதங்களையும் அறிக்கைகளையும் நாள்தோறும் வாசித்துப் பழகிய நாம், அப்பாவின் வாழ்க்கையையும் அதே நடையில் எழுதுகிறோம் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

ஊரின் வரலாற்றை எழுதும்போது இது நடையழகோடு நின்றுவிடும் விடயம் அன்று. 1981 ஆம் ஆண்டு மே 31 இரவுக்குப் பின் யாழ்ப்பாணப் பொது நூலகம் "எரிந்தது" என்று எழுதினால், அது மின்னொழுக்கால் நேர்ந்த விபத்தாகவும் இருக்கலாம். "எரிக்கப்பட்டது" என்றால் யாரோ ஒருவர் இருக்கிறார். பொலிசாரும் காடையரும் எரித்தார்கள் என்று எழுதும்போதுதான் ஏறத்தாழ 97,000 நூல்களின் அழிவுக்கு ஓர் எழுவாய் கிடைக்கிறது. இதே கண்டிப்பை நம் பக்கத்துக்கும் பொருத்தியாக வேண்டும். 1990 ஒக்ரோபரில் முஸ்லிம் மக்கள் யாழ்ப்பாணத்தை விட்டு "வெளியேறினர்" என்றோ "வெளியேற நேர்ந்தது" என்றோ எழுதிய கட்டுரைகளைப் பார்க்கிறேன். விடுதலைப் புலிகள் அவர்களை வெளியேற்றினார்கள். என் கைக்கு வரும் கட்டுரையில் அந்த வாக்கியத்தை எழுவாயோடுதான் எழுதச் சொல்கிறேன். சிலர் தயங்குகிறார்கள், தயக்கத்தின் காரணத்தை விளங்கிக்கொண்டும் வற்புறுத்துகிறேன்.

செயப்பாட்டுவினை எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு வெட்டுபவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. இராணுவத்திடம் பிள்ளையைக் கையளித்து, பின்பு அவனைக் காணாத தாய்மார் "காணாமல் போனார்" என்னும் தொடரை ஏற்பதில்லை. "காணாமல் ஆக்கப்பட்டார்" என்றே சொல்கிறார்கள், பதாகைகளிலும் அப்படியே எழுதுகிறார்கள். இங்கே 'போனார்' செய்வினைதான், ஆனால் அது போகாதவனைப் போனவனாக்குகிறது. 'ஆக்கப்பட்டார்' செய்தவரின் பெயரைச் சொல்லாவிட்டாலும், செய்தவர் ஒருவர் உண்டு என்பதை விட்டுக்கொடுக்கவில்லை. செய்தவர் யாரென்று தெரிந்த இடத்தில் அவரை எழுவாயாக்கி எழுதச் சொல்கிறேன். தெரியாத இடத்தில் அந்தத் தாய்மாரின் சொல்லில் நான் கைவைப்பதில்லை.