விரிசலோடு வந்திறங்கிய மீன்தொட்டி: இழப்பீடு பெற்ற அனுபவம்

சுவரில் விட்டிருந்த இடத்துக்குப் பொருந்தும்படி 180 சென்டிமீட்டர் நீளம், 60 சென்டிமீட்டர் அகலம், 60 சென்டிமீட்டர் உயரத்தில் நான் சொல்லிச் செய்த மீன்தொட்டி சரக்கு லாரியிலிருந்து இறங்கியபோதே, மரப்பெட்டியின் இடப்பக்கக் கீழ் மூலை நொறுங்கியிருந்தது. பெட்டியின் மேல் ஒட்டியிருந்த சாய்வு காட்டும் ஸ்டிக்கரும் சிவப்பாக மாறியிருந்தது. 12 மில்லிமீட்டர் தடிமனுள்ள கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு 30 கிலோ எடையிருக்கும். அந்தக் கணக்கில் தொட்டியின் கண்ணாடி மட்டுமே ஏறத்தாழ 120 கிலோ. அவ்வளவு எடையுள்ள பெட்டி லேசாகச் சாய்ந்து வைக்கப்பட்டிருந்தாலே போதும், எடை முழுவதும் ஒரு மூலையின் மேல் இறங்கிவிடும் என்பது பார்த்த மாத்திரத்தில் எனக்குப் புரிந்தது.

ஓட்டுநர் பெறுகைச் சீட்டை நீட்டி, "சார், கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க, இன்னும் நாலு எடத்துக்குப் போகணும்" என்றார். அவர் மீது எனக்குக் குறையில்லை. பெட்டியை ஏற்றியவர் அவரல்லர். அவருக்கு நேரக் கணக்கு உண்டு. ஆனாலும், "அண்ணே, பத்து நிமிஷம் பொறுத்துக்குங்க, ரெண்டு பலகையைக் கழற்றிப் பார்த்துட்டுப் போடுறேன்" என்று கேட்டுக்கொண்டேன். பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் அந்தப் பத்து நிமிடங்களே அடித்தளமாக அமைந்தன. எந்தக் குறிப்பும் இல்லாமல் கையெழுத்திட்டிருந்தால், பொருள் நல்ல நிலையில் வந்து சேர்ந்தது என்று நானே எழுதிக் கொடுத்ததாக ஆகியிருக்கும். வீட்டுக்குள் வந்த பிறகு உடைந்ததன்று என்று நிரூபிக்கும் பொறுப்பும் என் தலையில் விழுந்திருக்கும்.

இரண்டு பலகைகளைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தபோது, இடப்பக்கக் கண்ணாடியின் கீழ் மூலையிலிருந்து வளைந்து மேலேறும் ஒரு விரிசல் தெரிந்தது. டேப் வைத்து அளந்தேன். பெறுகைச் சீட்டின் எல்லாப் பிரதிகளிலும் இவ்வாறு எழுதினேன்: "மரப்பெட்டியின் இடப்பக்கக் கீழ் மூலை நொறுங்கியுள்ளது. சாய்வு ஸ்டிக்கர் சிவப்பாக உள்ளது. இடப்பக்கக் கண்ணாடியில் கீழ் மூலையிலிருந்து சுமார் 40 சென்டிமீட்டர் நீளத்துக்கு விரிசல் உள்ளது. முழுவதும் திறந்து பார்த்த பின் மற்ற சேதங்கள் தெரிவிக்கப்படும்." அதன் கீழே தேதியும் நேரமும் எழுதி, ஓட்டுநரிடமும் கையெழுத்து வாங்கி, ஒரு பிரதியை வைத்துக்கொண்டேன். 'பரிசோதனைக்கு உட்பட்டு' என்று மட்டும் எழுதிக் கையெழுத்திடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. எந்தச் சேதத்தையும் குறிப்பிடாத அந்தச் சொற்களால் பெரும்பாலும் பயன் கிடைப்பதில்லை. எங்கே, என்ன, எவ்வளவு நீளம் என்று எழுதினால்தான் அது சான்றாக நிற்கும்.

பொருளை வாங்க மறுத்துத் திருப்பி அனுப்பிவிடலாமா என்ற கேள்வியும் அப்போதே எழுந்தது. தொட்டி செய்தவரிடம் தொலைபேசியில் கேட்டேன். சேதத்தை எழுதிவிட்டு இறக்கி வைத்துக்கொள்ளும்படி அவர் சொன்னார். அது சரியான யோசனை என்றே இன்றும் நினைக்கிறேன். திருப்பி அனுப்பியிருந்தால் அது ஏதோ ஒரு கிடங்கின் மூலையில் கிடந்து மேலும் உடைந்திருக்கும், எந்தச் சேதம் எப்போது நேர்ந்தது என்பதையும் யாராலும் சொல்ல முடியாமல் போயிருக்கும்.

லாரி நிற்கும்போதே படமெடுக்கத் தொடங்கினேன். பெட்டியின் நான்கு பக்கங்கள், முகவரிச் சீட்டு, ஸ்டிக்கர், நொறுங்கிய மூலை, பின் ஒவ்வொரு பலகையும் கழன்ற நிலை, தெர்மோகோல் எங்கெங்கே நசுங்கியிருந்தது என்று வரிசை குலையாமல் எடுத்தேன். விரிசலின் இருபுறமும் அகலமான ஒட்டு நாடா ஒட்டி, விரிசல் முடியும் இடத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுத் தேதியை எழுதினேன். பதப்படுத்தாத கண்ணாடியில் விழுந்த விரிசல் வெப்பநிலை மாறும்போதுகூட வளரும் என்று முன்பே படித்திருந்தேன். சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து பார்த்த பதினோராம் நாளில், அது நான் போட்ட கோட்டைத் தாண்டி 3 சென்டிமீட்டர் போயிருந்தது. ஒருவரும் தொடாத கண்ணாடியில் விரிசல் தானே நடந்து போயிருந்ததை அருகில் நின்று பார்த்தபோது, அதில் தண்ணீர் நிரப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணி உடல் சிலிர்த்தது.

விரிசலைவிடப் பெரிய சேதம் வேறொரு இடத்தில் இருந்தது. மறுநாள் பகல் வெளிச்சத்தில், கண்ணாடியின் வெளிப்புறத்திலிருந்து சிலிகான் மூட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். கறுப்புச் சிலிகான் கண்ணாடியோடு முழுமையாகப் பிடித்திருக்கும் இடம் ஒரே சீரான கறுப்பாகத் தெரியும். அடிக்கண்ணாடியும் முன்கண்ணாடியும் சேரும் மூட்டில், இடது மூலைக்கு அருகே, ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் நீளத்துக்கு மட்டும் வெள்ளிக்கம்பி போல ஒரு பளபளப்பு ஓடியது. சிலிகான் கண்ணாடியை விட்டுப் பிரிந்து, இடையே காற்று புகுந்ததன் அடையாளம் அது. உட்புறத்தில் ஓரத்தோடு ஓடும் சிலிகான் பட்டை சற்றும் குலையாமல் இருந்தது. உள்ளிருந்து பார்ப்பவர் இந்தப் பிரிவைக் கண்டிருக்கவே முடியாது. ஆனால் தொட்டியைத் தாங்குவது அந்த உட்பட்டையன்று. இரண்டு கண்ணாடிகளின் விளிம்புகளுக்கு இடையே இருக்கும் மெல்லிய சிலிகான் படலந்தான். இதையும் படமெடுத்து, அன்றே தொட்டி செய்தவருக்கும் சரக்கு நிறுவனத்துக்கும் எழுத்து மூலம் அனுப்பினேன்.

இந்த மூட்டைக் கண்டுபிடிக்காமல் இருந்திருந்தால், அடுத்து வந்த யோசனைக்கு நான் ஒப்புக்கொண்டிருப்பேன். பக்கக் கண்ணாடி ஒன்றை மட்டும் அனுப்புவதாகவும், அருகிலுள்ள ஒரு கண்ணாடி வேலைக்காரரை வைத்து மாற்றிக்கொள்ளும்படியும் தொட்டி செய்தவர் நல்லெண்ணத்தோடு கூறினார். காலமும் செலவும் மிச்சமாகும் என்பது உண்மைதான். ஆனால் காய்ந்துபோன பழைய சிலிகானின் மீது புதுச் சிலிகான் சரியாகப் பிடிக்காது. பிரிந்த மூட்டின் மேல் பூசி மறைக்கலாமே தவிர, அதன் வலிமையைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. கண்ணாடிகளை முழுவதும் பிரித்து, ஒட்டியிருக்கும் பழைய பசையைச் சுரண்டித் துடைத்து, மறுபடியும் ஒட்ட வேண்டும். அந்த அளவுத் தொட்டியில் விளிம்புவரை தண்ணீர் நின்றால் முன்கண்ணாடியை ஏறத்தாழ 320 கிலோ எடைக்குச் சமமான விசை வெளியே தள்ளும். அழுத்தம் மிக அதிகமாக இருப்பதும் அடிப்பகுதியில்தான், மூட்டு பிரிந்திருந்த அதே இடத்தில். இந்தக் கணக்கை எழுதி அனுப்பிய பிறகு அவர் மறுபேச்சின்றிப் புதுத் தொட்டி செய்ய ஒப்புக்கொண்டார்.

இழப்பீட்டுக் கோரிக்கையை யார் வைப்பது என்பதில் தொடக்கத்தில் ஒரு வாரம் வீணானது. நான் அனுப்பிய கடிதங்களுக்குச் சரக்கு நிறுவனம் மேலோட்டமாகவே பதில் சொன்னது. லாரியைப் பதிவு செய்தவர் தொட்டி செய்தவர். ஒப்பந்தம் அவருக்கும் நிறுவனத்துக்கும் இடையே உள்ளது. ஆகவே கோரிக்கை அவர் பெயரில் போக வேண்டும், பெறுபவன் என்ற முறையில் நான் சான்றுகளைக் கொடுக்க வேண்டும். இதைத் தெரிந்துகொண்டதும் வேலை நகர்ந்தது. பெறுகைச் சீட்டின் பிரதி, படங்கள், இன்வாய்ஸ், புதிதாகச் செய்ய ஆகும் செலவின் மதிப்பீடு ஆகியவற்றை ஒரே கட்டாக அனுப்பினோம்.

முதல் பதில் மறுப்பாகவே வந்தது. பொதி கட்டியது போதுமானதாக இல்லை என்று நிறுவனம் எழுதியிருந்தது. சரக்கு ஏற்றிச் செல்பவர்கள் முதலில் கையில் எடுக்கும் வாதம் இதுதான். அனுப்பியவரே சரியாகக் கட்டவில்லை என்றால் அவர்களுடைய பொறுப்பு நீங்கிவிடும். நல்லவேளையாக, தொட்டியைப் பெட்டிக்குள் வைக்கும்போதே அதைச் செய்தவர் படங்கள் எடுத்து வைத்திருந்தார். அடிக்கண்ணாடி முழுவதும் நுரைப்பலகையின் மேல் சீராக அமர்ந்திருந்ததும், லாரியில் ஏற்றும் நேரத்தில் ஸ்டிக்கர் நிறம் மாறாமல் இருந்ததும் அவற்றில் தெளிவாகத் தெரிந்தன. சிவப்பான ஸ்டிக்கர், பெட்டி ஓர் அளவுக்கு மேல் சாய்ந்தது என்பதைச் சொல்லுமே அன்றி எப்போது சாய்ந்தது என்பதைச் சொல்லாது. ஏற்றும்போது எடுத்த படமும் இறக்கும்போது எடுத்த படமும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்பட்டபோதுதான் அது வழியில் நடந்தது என்பது ஐயத்துக்கு இடமின்றி ஆனது. வந்த சர்வேயர் உடைந்த பலகைகளையும் நசுங்கிய தெர்மோகோலையும்தான் நெடுநேரம் புரட்டிப் பார்த்தார். அவற்றைக் குப்பையில் போடாமல் கூடத்தில் அடுக்கி வைத்திருந்ததில் வீட்டாருக்குப் பெரும் இடைஞ்சல். ஆனால் அவை இல்லாவிட்டால் அவருக்குப் பார்க்க ஒன்றுமே இருந்திருக்காது.

பணத்தைப் பொறுத்தவரை ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சரக்கு ஏற்றிச் செல்பவரின் பொறுப்பு பல இடங்களில் பொருளின் விலையை வைத்தல்லாமல் எடையை வைத்தே வரையறுக்கப்படுகிறது. எல்லை தாண்டும் சாலைச் சரக்குக்கான 1956 ஆம் ஆண்டுப் பன்னாட்டு உடன்படிக்கையில், 1978 இல் சேர்ந்த நெறிமுறையின்படி, கிலோ ஒன்றுக்கு 8.33 சிறப்பு எடுப்புரிமை அலகுகளே (பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு) உச்சவரம்பு. வெளியே தெரியாத சேதத்தை ஞாயிறும் பொது விடுமுறையும் நீங்கலாக 7 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றும் அதில் உண்டு. எனக்குப் பொருந்திய விதிகள் வேறு என்றாலும், பொறுப்புக்கு வரம்பு வைக்கும் முறை அதேதான். அனுப்புமுன், முழு மதிப்பையும் அறிவித்துக் கூடுதல் கட்டணம் செலுத்திக் காப்பீடு எடுக்கலாமா என்று தொட்டி செய்தவர் கேட்டபோது நான் சற்றுத் தயங்கியே சம்மதித்தேன். அந்தச் சம்மதம் இல்லாதிருந்தால் தொட்டி விலையில் ஒரு சிறு பங்குதான் திரும்பியிருக்கும். ஐந்தாம் வாரத்தில் தொட்டியின் விலை, பொதிச் செலவு, சரக்குக் கட்டணம் மூன்றும் ஏற்கப்பட்டன. இறக்குவதற்கு நான் வைத்த ஆட்களின் கூலி மட்டும் ஏற்கப்படவில்லை.

இந்த வாரங்கள் முழுவதும் என் மனத்தை அரித்தது பணமன்று. 30 சென்டிமீட்டர்வரை வளரக்கூடிய இரண்டு ஆஸ்கர் மீன்கள், தங்களுக்குப் போதாத 200 லிட்டர் தொட்டியில் காத்திருந்தன. திரும்புவதற்கே இடமில்லாமல் வால் கண்ணாடியில் உரசும். வாரம் இரண்டு முறை 40 விழுக்காடு தண்ணீரை மாற்றி, தீனியைக் குறைத்து, கழிவிலிருந்து தண்ணீரில் சேரும் நச்சான அம்மோனியாவின் அளவை விடாமல் பார்த்துக்கொண்டேன்.

இரண்டாவது தொட்டிக்கு, இறக்குமிடத்தில் பெட்டியைத் திறந்து பார்க்க அரை மணி நேரம் வேண்டும் என்று முன்பதிவிலேயே எழுதச் செய்தோம். அந்த ஓட்டுநர் அதை அறிந்தே வந்தார். பலகையைக் கழற்ற அவரும் கை கொடுத்தார். மூட்டுகள் அனைத்தும் சீரான கறுப்பாக இருந்தன. தாங்கியின் மேல் நுரை விரிப்பு போட்டு, ரசமட்டம் வைத்துச் சரிபார்த்து, அடிமூட்டுகளை ஒட்டி உலர்ந்த செய்தித்தாளைச் செருகி, மூன்றில் ஒரு பங்கு, பாதி, முழுவதும் என்று படிப்படியாகத் தண்ணீர் நிரப்பி 72 மணி நேரம் விட்டேன். நான்காம் நாள் காலையில் தாள்களை உருவிப் பார்த்தபோது ஒன்றில்கூட ஈரமில்லை. பழைய தொட்டியின் வடிகட்டியை, அதிலுள்ள பயன் தரும் நுண்ணுயிர்கள் போய்விடாதபடி கழுவாமல் அப்படியே புதுத் தொட்டியில் பொருத்தி, அன்று மாலை இரண்டு மீன்களையும் மாற்றினேன். பெரியது முதலில் பின்சுவர் ஓரமாக ஒதுங்கி நின்றது. இரவு விளக்கை அணைக்கப் போனபோது, தொட்டியின் முழு நீளத்துக்கும் நீந்திப் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தது.