மூன்றாம் பேஸில் ஆள் நிற்கும்போது

எம்எல்பி த ஷோ என்ற பேஸ்பால் வீடியோ கேம் ஆடுகிறவர்கள் பேட்டிங்கைப் பற்றியே அதிகம் பேசுகிறார்கள். சரி, அது கடினம்தான். ஸோன் என்ற பேட்டிங் முறையில் கன்ட்ரோலரின் இடது ஸ்டிக்கால் குறியைப் பந்து வரும் இடத்துக்குக் கொண்டுபோய், அதே கணத்தில் நேரமும் பிசகாமல் சுழற்ற வேண்டும். பலமாக அடிக்கும் பவர் ஸ்விங் போட்டால் அந்தக் குறி சுருங்கிவிடும் என்பதால் இரண்டு ஸ்ட்ரைக் விழுந்ததுமே (மூன்றானால் அவுட்) நான் பந்தில் பட்டாலே போதும் என்கிற கான்டாக்ட் ஸ்விங்குக்கு மாறிவிடுவேன்.

ஆனால் எனக்கு உயிர், பேஸிலிருந்து பேஸுக்கு ஆட்களை ஓடவிடுவதில்தான். பிளேஸ்டேஷனில் எல்1 அழுத்தினால் எல்லா ஓட்டக்காரர்களும் முன்னே போவார்கள், ஆர்1 அழுத்தினால் திரும்பி வருவார்கள். பொத்தான்கள் அவ்வளவுதான், முடிவெடுப்பதுதான் பெரிய வேலை. நேற்று ஒரு அவுட், மூன்றாம் பேஸில் ஆள், மைதானத்தின் நடுப் பின்பகுதியான சென்டர் ஃபீல்டுக்கு உயரமாக ஒரு அடி. முன்பெல்லாம் பந்து மட்டையில் பட்டதுமே ஆளை ஓடவிட்டு, அது பிடிபட்டு, பேஸுக்குத் திரும்ப முடியாமல் அவரும் அவுட்டாகி இன்னிங்ஸே முடிந்துவிடும். இந்த முறை பேஸிலேயே நிறுத்திவைத்து, பந்து கையுறைக்குள் விழுந்த பிறகுதான் விட்டேன். ஹோம் பிளேட்டுக்கு 90 அடி தூரம்! எறிந்த பந்து வரும் முன்பே ஆள் ஹோம் பிளேட்டில் சறுக்கிவிட்டார், ரன் கிடைத்தது. ஹோம் ரன் அடித்தபோதுகூட நான் இப்படிக் கத்தியதில்லை.