மஸ்டாங்கை அஞ்சு மாசம் தூங்க வெச்ச கதை

என் ஃபோர்டு மஸ்டாங் காரை குளிர்காலம் பூரா ஓட்டாம நிறுத்தி வெச்ச முதல் வருஷம் என்ன ஆச்சுன்னு சொல்லிட்டு ஆரம்பிக்கறேன், ஏன்னா ரெண்டாவது வருஷம் நான் பண்ணது எல்லாமே அதுல இருந்து கத்துக்கிட்டதுதான். ஏப்ரல் மாசம், கனடா ஒன்டாரியோல பனி எல்லாம் உருகி ரோடு காஞ்சு கிடக்குது, நான் இருக்கற மிசிசாகால இருந்து ஒரு மணி நேரம் ஃப்ரெண்டோட கார்ல போய் வண்டி நிறுத்தியிருந்த பண்ணைக் கொட்டகைல இறங்கறேன். கவரை எடுத்தா வண்டி வெளில பாக்க அப்படியே இருக்கு. சாவில பட்டனை அழுத்தினா சத்தமே இல்ல, பேட்டரி செத்துப் போச்சு. சாவிக்குள்ள இருக்கற சின்ன சாவிய உருவி கதவைத் திறக்கப் பாத்தேன், மஸ்டாங் கதவுல கண்ணாடிக்கு ஃப்ரேம் கிடையாது, ஹேண்டிலை இழுத்ததும் கண்ணாடி ஒரு நூல் கீழ இறங்கி ரப்பரை விட்டு வெளில வரணும், கரண்ட் இல்லாம அது எங்க இறங்கும், ரப்பர் கிழியாம கொஞ்சம் கொஞ்சமா இழுத்துத்தான் திறந்தேன். திறந்ததும் எலி மூத்திர வாடை முகத்துல அடிச்சுது.

கிளவ் பாக்ஸைக் கழட்டி, வண்டிக்குள்ள வர்ற காத்தை வடிகட்டற கேபின் ஃபில்டரை வெளில எடுத்தா அதுக்குள்ள ஒரு முழு கூடு. சீட்டுல இருந்து பிச்ச பஞ்சு, எங்கிருந்தோ கொண்டு வந்த சோளம், அதோட எலி வராதுன்னு யாரோ சொன்னதை நம்பி நான் வெச்ச டிரையர் ஷீட் (துணி காய வெக்கற மெஷின்ல போடற வாசனைத் தாள்), அதையும் நார் நாரா கிழிச்சு மெத்தை மாதிரி விரிச்சு வெச்சிருந்துச்சு. இஞ்சின் பக்கம் ரெண்டு இடத்துல வயர் கடிச்சிருந்துச்சு. டோ பண்ணி, வயர் மாத்தி, உள்ள சுத்தம் பண்ணி, பேட்டரி புதுசு போட்டு எல்லாமா 1400 டாலர் பக்கம் ஆச்சு. பணத்தை விட எனக்கு வலிச்சது வேற. கோயம்புத்தூர்ல சின்னப் பையனா இருக்கும்போது அப்பா செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் டிராக்குக்கு கூட்டிட்டுப் போவாரு, அந்த வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு சத்தம் கேட்ட நாள்ல இருந்து ஒரு நாள் நமக்குன்னு ஒரு வண்டின்னு இருந்த ஆசை, இருபது வருஷம் கழிச்சு வாங்கின வண்டி, அதை நானே இருட்டுல விட்டுட்டு வந்துட்ட மாதிரி இருந்துச்சு.

அன்னிக்கு ராத்திரி அப்பாகிட்ட சொன்னப்போ அவருக்கு ஆச்சரியமே இல்ல. "கண்ணு, மழைக்காலத்துல நம்ம மாருதில எத்தனை தடவை வயர் மாத்தியிருப்பேன், எலிக்கு கனடா என்ன கோயம்புத்தூர் என்ன, சூடா காஞ்ச இடம் கிடைச்சா வந்துரும்"னாரு. புகையிலை வெக்கச் சொன்னாரு, ஊர்ல எல்லாரும் போனட்டுக்குள்ள அதான் வெப்பாங்க. வெச்சா போதுமான்னு கேட்டேன், "போதாது, அடிக்கடி போய்ப் பாக்கணும்"னாரு. அந்த ஒரு வார்த்தைதான் ரெண்டாவது வருஷம் இடம் தேடும்போது மனசுல நின்னுச்சு, ஒரு மணி நேரம் தள்ளி இருந்தா நான் போய்ப் பாக்கவே மாட்டேன்.

எதுக்கு நிறுத்தணும், ஓட்டிட்டே இருக்கலாமேன்னு ஊர்ல இருந்து கேக்கறாங்க. இங்க குளிரை விட உப்புதான் பிரச்சனை. கோட்ரிச்னு ஒரு ஊர்ல, ஹூரான் ஏரிக்கு அடியில, உலகத்துலயே பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம் இருக்கு, ரோட்டுல பனி உருகறதுக்குக் கொட்டற உப்பு அங்கிருந்தெல்லாம் வருது. பனி விழறதுக்கு முன்னாடியே உப்புத்தண்ணியை வேற ரோட்டுல கோடு கோடா அடிச்சு விடுவாங்க, அது காஞ்சு தூசியா பறந்து வண்டிக்கு அடியில போல்ட், பிரேக் பைப், சஸ்பென்ஷன்னு ஒவ்வொரு இடுக்கா போய் உக்காந்துரும். ரெண்டாவது காரணம் டயர். என்னோடது 2019 ஜிடி, பெர்ஃபாமன்ஸ் பேக்கேஜ், மிஷலின் பைலட் ஸ்போர்ட் 4 எஸ் டயர். அது கோடைக்கான ரப்பர், 7 டிகிரிக்குக் கீழ போனாலே இறுகி கிரிப் போயிரும், மைனஸ் 7க்குக் கீழ நிறுத்தி வெக்கவே கூடாதுன்னு ஃபோர்டு மேனுவல்லயே இருக்கு, அந்தக் குளிர்ல உருட்டினா ரப்பர்ல வெடிப்பு விடலாம். கொட்டகைல ஹீட்டிங் கிடையாது, ஜனவரில மைனஸ் 20 போச்சு, முதல் வருஷம் டயர் தப்பிச்சது என் நல்ல நேரம்.

அதனால இந்த தடவை ஆகஸ்ட்லயே தேட ஆரம்பிச்சேன், அக்டோபர்ல கேட்டா நல்ல இடம் எல்லாம் போயிருக்கும். எங்க காண்டோ (அடுக்குமாடி) பேஸ்மெண்ட் பார்க்கிங்லயே விடலாமான்னு யோசிச்சேன், ஆனா பக்கத்து வண்டி எல்லாம் தினமும் உப்பு சேத்தை சொட்டச் சொட்ட கொண்டு வந்து நிறுத்துது, தரை பூரா ஈரம், வெதுவெதுன்னு சூடு, துருப்பிடிக்க அதை விடத் தோதான இடம் கிடையாது. கடைசில இருபது நிமிஷ தூரத்துல ஒரு குடோன் கிடைச்சுது, கார் மட்டும் வெக்கற இடம், 10 டிகிரிக்குக் கீழ போகாது, ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பிளக் பாயிண்ட், சுவரோரமா எலிப்பொறி. மாசம் 190 டாலர், கொட்டகைக்கு 80தான் குடுத்தேன். நான் போய்ப் பாத்தப்போ முதல்ல தரையைத்தான் தொட்டுப் பாத்தேன், காஞ்சிருந்துச்சு, அப்புறம் கதவுக்கு அடியில இடைவெளி இருக்கான்னு குனிஞ்சு பாத்தேன். பென்சில் நுழையற ஓட்டைல சுண்டெலி நுழைஞ்சுரும்.

நாள் முடிவு பண்றதும் முக்கியம். முதல் வருஷம் இன்னும் ஒரு வாரம் இன்னும் ஒரு வாரம்னு நவம்பர் கடைசி வரைக்கும் ஓட்டி உப்பு ரோட்டுல ஒரு தடவை மாட்டினேன். இந்த தடவை, இங்க அக்டோபர்ல வர்ற தேங்க்ஸ்கிவிங் முடிஞ்ச வாரம், விடியக்காலைல கலிடன் பக்கம் ஃபோர்க்ஸ் ஆஃப் த கிரெடிட் ரோட்டுல கடைசியா ஒரு ஓட்டு, மேப்பிள் இலை எல்லாம் செவப்பும் மஞ்சளுமா ரோட்டுல கொட்டிக் கிடக்க அந்தக் கொண்டை ஊசி வளைவுல ரெண்டாவது கியர்ல ஏறினது, அதையே நினைச்சுட்டு குளிர்காலத்தை ஓட்டிரலாம். நவம்பர் முதல் சனிக்கிழமை உள்ள விட்டுட்டேன்.

விடறதுக்கு முந்தின வாரம் ஆயில் மாத்தினேன். வசந்தத்துல மாத்திக்கலாமேன்னு தோணும், ஆனா ஓடின ஆயில்ல அமிலமும் ஈரமும் கலந்திருக்கும், அது அஞ்சு மாசம் பேரிங் மேல படிஞ்சு இருக்க வேண்டாம். இந்த இஞ்சினுக்கு 5 டபிள்யூ 20 ஆயில், ஒம்பதரை லிட்டர் குடிக்கும். கூலன்ட் சரிபாதி கலவைல இருக்கான்னு டெஸ்டர் விட்டுப் பாத்தேன், மைனஸ் 37 வரை தாங்கும்னு காட்டுச்சு. வைப்பர் தண்ணியை மைனஸ் 40 தாங்கறதா மாத்தினேன், கோடைல ஊத்தற தண்ணி உறைஞ்சா டேங்க்கே விரிசல் விட்டுரும்.

பெட்ரோல் விஷயத்துல நிறைய பேரு குழம்பறாங்க. இங்க பங்க்ல கிடைக்கற பெட்ரோல்ல எத்தனால் கலந்திருக்கு, எத்தனால் காத்துல இருக்கற ஈரத்தை இழுக்கும், டேங்க்ல பாதி காலியா இருந்தா அந்த இடத்துல எல்லாம் ஈரக்காத்துதான், தண்ணி ரொம்பச் சேந்தா எத்தனாலும் தண்ணியுமா பிரிஞ்சு அடியில போய் நிக்கும், பம்ப் உறிஞ்சறதும் அடியில இருந்துதான். அதனால குடோனுக்குப் போற வழில இருக்கற பங்க்ல முதல்ல பெட்ரோல் கெடாம வெக்கற ஸ்டேபில் ஸ்டெபிலைசரை ஊத்திட்டு அப்புறம் பெட்ரோலை ஃபுல்லா அடிச்சேன், அப்பதான் நல்லா கலக்கும். 10 லிட்டருக்கு 30 மில்லி கணக்கு, 60 லிட்டர் டேங்க்குக்கு 180 மில்லி. அடிச்சதும் நேரா போய் நிறுத்தக் கூடாது, ஸ்டெபிலைசர் கலந்த பெட்ரோல் இஞ்செக்டர் வரைக்கும் போகணும், இருபது நிமிஷம் ஹைவேல ஓட்டினேன், காலைல வண்டி கழுவினப்போ பிரேக்லயும் இடுக்குலயும் நின்ன தண்ணியும் அதுல காஞ்சு போச்சு. கழுவறதைப் பத்தி நீட்டி சொல்ல வேண்டாம், அடிப்பாகத்தையும் வீல் உள்பக்கத்தையும் விடாதீங்க, பறவை எச்சம் ஒரு பொட்டு கூட இருக்கக் கூடாது, அஞ்சு மாசத்துல பெயிண்டை அரிச்சுரும்.

உள்ள விட்டதும் வேலை. தரைல தடியான பிளாஸ்டிக் ஷீட் விரிச்சு அது மேலதான் நிறுத்தினேன், கான்கிரீட் வழியா ஈரம் ஏறி வரும். டயர்ல வழக்கமா 32 பிஎஸ்ஐ, அதை 45க்கு ஏத்தினேன், டயர் பக்கவாட்டுல அதிகபட்சம் 50ன்னு போட்டிருக்கும் அதுக்குள்ளதான், ஒரே இடத்துல நின்னு அடி தட்டையாகறது குறையும். ஹேண்ட் பிரேக் போடவே இல்ல, போட்டா பிரேக் பேட் டிஸ்க்கோட ஒட்டிக்கும், முதல் கியர்ல விட்டுட்டு வீலுக்கு முன்னும் பின்னும் கட்டை வெச்சேன்.

பேட்டரிக்கு மெயின்டெய்னர் மாட்டினேன், சாதா சார்ஜர் இல்ல, ஃபுல் ஆனதும் தானா குறைச்சு தேவைப்படும்போது மட்டும் ஏத்தற வகை. சிவப்பை பேட்டரி பிளஸ்ல, கருப்பை பேட்டரி மைனஸ்ல மாட்டாம பாடில இருக்கற கிரவுண்ட் போல்ட்ல மாட்டணும், மைனஸ் முனைல பேட்டரி சென்சார் இருக்கு, அதைத் தாண்டி சார்ஜ் பண்ணா வண்டியோட கணக்கு தப்பும். வண்டி நின்னாலும் அலாரம், கீ ரிசீவர் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமா கரண்ட் குடிச்சுட்டே இருக்கும், ஃபுல் சார்ஜ்ல இருக்கற பேட்டரி இந்த ஊர் குளிருக்கு உறையாது, ஆனா முழுசா இறங்கிப் போனது மைனஸ் 10 பக்கத்துலயே உறைஞ்சுரும். கொட்டகைல என் பேட்டரிக்கு நடந்தது அதான்.

எலிக்கு இந்த தடவை வாசனை எதையும் நம்பல. பாத்திரம் தேய்க்கற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நாரை உருண்டையாக்கி சைலன்சர் குழாய் நாலுலயும், இஞ்சினுக்குக் காத்து போற வாய்லயும் அடைச்சேன், அடைச்ச இடம் மொத்தத்தையும் ஒரு பேப்பர்ல எழுதி ஸ்டியரிங்ல கட்டினேன், மறந்து ஸ்டார்ட் பண்ணிரக் கூடாது. ஏசியை ரீசர்குலேஷன்ல வெச்சுட்டு வண்டியை ஆஃப் பண்ணா வெளிக்காத்து வர்ற வழி மூடிக்கும். சீட்டுக்கு அடில கிடந்த முறுக்குத் துண்டு வரைக்கும் வேக்யூம் போட்டேன். நாலு டயருக்குப் பக்கத்துலயும் வேர்க்கடலை வெண்ணெய் தடவின பொறி, ஆனா வண்டிக்குள்ள வெக்கல, உள்ள வெச்சா நாமளே கூப்பிடற மாதிரி ஆயிரும். மேல துணிக் கவர், பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டா ஈரம் உள்ளயே நின்னு பெயிண்ட் கெடும்.

அப்புறம் இன்ஷூரன்ஸ். ஒன்டாரியோல ஓபிசிஎஃப் 16னு ஒரு படிவம் இருக்கு, அதுல ரோட்டுல ஓட்டறதுக்கான கவரேஜ் எல்லாத்தையும் நிறுத்திட்டு திருட்டு, தீ மாதிரி விஷயத்துக்கான காம்ப்ரிஹென்சிவ் மட்டும் வெச்சுக்கலாம், பிரீமியம் நல்லா குறையும். திரும்ப எடுக்கறப்போ ஓபிசிஎஃப் 17. லோன் பாக்கி இருந்தா பேங்க்கைக் கேக்காம இதைப் பண்ணாதீங்க. முக்கியமா, நடுவுல ஜனவரில ஒரு நாள் வெயில் அடிக்குதேன்னு ஒரு ரவுண்டு எடுத்துறாதீங்க, இன்ஷூரன்ஸ் இல்லாம வண்டி ரோட்டுக்கு வந்தா முதல் தடவைக்கே 5000 டாலருக்குக் குறையாத ஃபைன்.

மூணு வாரத்துக்கு ஒரு தடவை போனேன். போறதே அப்பா சொன்னதுக்காகத்தான், டார்ச் அடிச்சு புழுக்கை இருக்கான்னு பாப்பேன், பொறியைப் பாப்பேன், மெயின்டெய்னர்ல பச்சை லைட் எரியுதான்னு பாப்பேன், அவ்ளோதான். ஸ்டார்ட் பண்ணவே இல்ல, கை அரிக்கும், அந்த சத்தத்தைக் கேட்டு மாசக்கணக்காச்சு, இருந்தாலும் பண்ணல. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணி ஆவியா வெளில வரும், பத்து நிமிஷம் ஓட விட்டு அணைச்சா அந்த ஆவி சைலன்சர்லயும் இஞ்சினுக்குள்ளயும் குளிர்ந்து தண்ணியா நின்னுரும், அரை மணி நேரமாவது ரோட்டுல ஓடி நல்லா சூடானாத்தான் அது காஞ்சு போகும். வாரா வாரம் ஸ்டார்ட் பண்ணி வெக்கறேன்னு பெருமையா சொல்றவங்க தயவுசெஞ்சு நிறுத்துங்க. பிப்ரவரில ஒரு பொறில ஒரு சுண்டெலி, சுவரோரம். அன்னிக்கு வண்டியை மூணு தடவை சுத்தி வந்து பாத்துட்டுத்தான் கிளம்பினேன்.

வசந்தத்துலயும் அவசரப்படல. மார்ச் கடைசில பனி போயிருச்சு, ஆனா ரோட்டோரம் உப்பு வெள்ளையா நிக்குது, நல்ல மழை ரெண்டு மூணு பெஞ்சு கழுவற வரைக்கும் காத்திருந்தேன். ஏப்ரல் மூணாவது வாரம் இன்ஷூரன்ஸ் புரோக்கருக்கு ஃபோன் பண்ணி கவரேஜைத் திரும்ப ஏத்தி, உறுதிப்படுத்தற மெயில் வந்த அப்புறம்தான் சாவியை எடுத்தேன். ஸ்டியரிங்ல இருந்த பேப்பரைப் பாத்து ஸ்டீல் நார் எல்லாத்தையும் எண்ணி எடுத்தேன், டயரை 32க்கு இறக்கினேன், ஆயில், கூலன்ட், அடியில ஒழுகல் பாத்தேன், பேட்டரி 12.7 வோல்ட். பட்டனை அழுத்தினதும் ஒரே அழுத்துல பிடிச்சுக்கிச்சு, அந்த குடோன் சுவர்ல பட்டுத் திரும்பி வந்த வி 8 சத்தத்துக்கு கண்ணு கலங்கிருச்சு.

முதல் ரெண்டு கிலோமீட்டர் பிரேக் கரகரன்னு சத்தம், டிஸ்க் மேல படிஞ்ச மெல்லிசான துரு அது, அஞ்சாறு தடவை மிதிச்சதும் போயிருச்சு. ஸ்டியரிங்ல லேசா ஒரு அதிர்வு இருந்துச்சு, டயர் சூடாகி முப்பது கிலோமீட்டர் ஓடினதும் அதுவும் காணோம்.

வீட்டுக்கு வந்து பார்க்கிங்ல நின்னு அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். அங்க ராத்திரி பத்து மணி. சத்தம் கேக்கறீங்களாப்பான்னு ஆக்சிலரேட்டரை மிதிச்சேன், "அது இருக்கட்டும் கண்ணு, அந்த ஃபில்டரைக் கழட்டிக் காட்டு"ன்னாரு. கிளவ் பாக்ஸைக் கழட்டி வெளில எடுத்து கேமரா முன்னாடி பிடிச்சேன், வெள்ளையா இருந்துச்சு. கண்ணாடியை மாட்டிட்டு ஃபோனை கிட்ட வெச்சுப் பாத்தாரு, திருப்புன்னாரு, பின்பக்கத்தையும் காட்டினேன்.