டுவோமோவிலிருந்து 450 மீட்டர்

இத்தாலியில் ஒரே ஒரு ராத்திரி தங்குவதற்கு இடம் தேடி நான் செலவழித்த நேரத்தில் மதுரையில் ஒரு மனை பார்த்து, வில்லங்கம் போட்டு, பத்திரமே பதிந்திருக்கலாம். மொத்தமே பதினெட்டு மணி நேரத் தங்கல். சாயங்காலம் ஆறரைக்கு ரோமிலிருந்து ரயிலில் ஃபிளாரன்ஸ் வந்து இறங்குகிறோம், மறுநாள் காலை டுவோமோ என்கிற அந்தப் பெரிய மாதா கோயிலைப் பார்க்கிறோம், மத்தியானம் வெனிஸுக்கு வண்டி ஏறுகிறோம். அவ்வளவுதான் திட்டம்.

நாங்கள் இருப்பது ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில். அம்மா மூன்று மாத விசாவில் வந்திருந்தார். வந்ததிலிருந்து குளிர், மழை, ஞாயிற்றுக்கிழமை கடை அடைப்பு என்று பார்த்து அலுத்துப்போய் "வேற ஊரு எதுவும் கிடையாதாடா இங்க?" என்று கேட்டதால் அக்டோபர் கடைசியில் இத்தாலி. ஆளுக்கொரு நிபந்தனை. அம்மாவுக்கு மூட்டு வலி, அதனால் லிஃப்ட் வேண்டும். மனைவிக்குக் கழிப்பறை அறைக்கு உள்ளே வேண்டும். எனக்கு 130 யூரோவுக்குள் முடிய வேண்டும், ஆனால் நடு ஊரில் இருக்க வேண்டும். ராத்திரி சாப்பிட்டுவிட்டு டுவோமோவின் குவிமாடத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே பொடிநடையாக அறைக்குத் திரும்புவதாக மனதுக்குள் ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏங்க, ஸ்காந்திச்சின்னு ஒரு இடம் இருக்கு, ட்ராம்ல இருபது நிமிஷம்தான், புது ஓட்டல், 90 யூரோ" என்றாள் மனைவி.

"மீனாட்சி அம்மன் கோயில் பாக்க வர்றவன் திருநகர்லயா ரூம் போடுவான்?"

"போடுவான். விலை கம்மியா இருந்தா போடுவான்."

அதற்குப் பதில் சொல்லாமல் மறுபடி தேட ஆரம்பித்தேன். மூன்று வாரம் தேடியதில் ஓட்டல் விளம்பர மொழி எனக்கு நன்றாகவே பழகிவிட்டது. பெயரில் ஃபிளாரன்ஸ் இருந்தால் ஓட்டல் ஃபிளாரன்ஸில் இருக்கும் என்று அர்த்தமில்லை, விமான நிலையத்துப் பக்கம் நெடுஞ்சாலை ஓரத்திலும் இருக்கும். "நிலையத்துக்கு அருகில்" என்றால் எந்த நிலையம் என்று கேட்க வேண்டும், ஏனென்றால் ஊருக்குள் சாந்தா மரியா நோவெல்லா என்கிற பெரிய நிலையம் தவிர ரிஃப்ரேதி, காம்போ தி மார்த்தே என்று வேறு நிலையங்களும் உண்டு. மையத்திலிருந்து 600 மீட்டர் என்று போட்டிருப்பது நேர்கோட்டில் அளந்த தூரம், நடுவில் ஆர்னோ ஆறு ஓடுவதைப் பற்றி அந்தக் கோட்டுக்குக் கவலையில்லை, பாலம் தேடி நடக்கப்போவது நாம்தான். அப்புறம் இந்தத் "தனிக் குளியலறை". தனி என்றால் உங்களுக்கு மட்டும் என்று பொருள், அறைக்கு உள்ளே என்று பொருள் அல்ல. சாவியை எடுத்துக்கொண்டு நடைபாதையின் கடைசிவரை போக வேண்டியிருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு அம்மாவை அப்படி நடத்திக் கூட்டிப் போவதை நினைத்ததும் அந்தப் பக்கத்தை மூடினேன்.

கன்னியாஸ்திரீகள் நடத்தும் விடுதிகளும் இத்தாலியில் உண்டு. சுத்தம், மலிவு, பெரும்பாலும் நல்ல இடத்தில் இருக்கும். ராத்திரி பதினொரு மணிக்குக் கதவு சாத்திவிடுவார்கள் என்று ஒன்றில் போட்டிருந்தது. அம்மாவிடம் சொன்னேன், "பதினோரு மணிக்கு மேல வெளிய என்ன வேலை?" என்று கேட்டார். அவர்கள் கட்சியிலேயே சேர்ந்துவிட்டார். ஆனால் இடம் இல்லை.

கடைசியில் கிடைத்தது ஒன்று. இரண்டு நட்சத்திரம், மூன்று கட்டில், குளியலறை உள்ளே, லிஃப்ட் உண்டு, காலை உணவு உண்டு, டுவோமோவிலிருந்து 450 மீட்டர், 124 யூரோ. வீட்டில் எல்லாருக்கும் காட்டினேன். மனைவி "ம்" என்றாள். அந்த "ம்" எனக்குப் பிடிக்கவில்லை.

சரி, வந்து இறங்கியாயிற்று. ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம் என்பதுதான் நடு ஊரின் பெருமை, அதனால் டாக்ஸி வேண்டாம் என்றேன். ஃபிளாரன்ஸ் தெருக்கள் கல் பாவியவை. சக்கரம் வைத்த மூன்று பெட்டிகளை இழுத்தால் மாட்டு வண்டி ஊர்வலம் போகிற சத்தம் வரும், கடைக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். சான் லோரென்சோ பக்கம் ஒரு தெரு, நம்பர் 21. கண்டுபிடித்தும் விட்டேன். தோல் பை விற்கிற கடை.

உள்ளே போய்க் கேட்டேன். கடைக்காரர் அலுத்துப்போனவர் போல வாசலுக்கு வந்து நம்பர் பலகையைக் காட்டினார். "ரோஸ்ஸோ" என்றார். சிவப்பு. அப்புறம் தெருவின் இன்னொரு கோடியைக் காட்டி "நேரோ" என்றார். கறுப்பு. இந்த ஊரில் ஒரே தெருவுக்கு இரண்டு நம்பர் வரிசை என்று அப்போதுதான் தெரிந்தது. கடைகண்ணிகளுக்குச் சிவப்பு, வீடுகளுக்குக் கறுப்போ நீலமோ. இரண்டும் தனித்தனியாக அது அது பாட்டுக்கு ஓடும். சிவப்பு 21 இங்கே இருந்தால் கறுப்பு 21 இருநூறு மீட்டர் தள்ளி இருக்கலாம். முகவரியில் நம்பருக்குப் பின்னால் 'ஆர்' என்று ஓர் எழுத்து இருந்தால் சிவப்பு, இல்லையென்றால் கறுப்பு. ஓட்டலும் வியாபாரம்தானே, சிவப்பாக இருக்க வேண்டாமா என்று கேட்கத் தோன்றியது. வீட்டு மாடியில் நடக்கிற வியாபாரம் போல, கறுப்பு.

மறுபடி கடகட. வழியில் ஒரு சுவரில் என் தலைக்கு மேலே ஒரு கோடு, பக்கத்தில் 4 நவம்பர் 1966 என்று பொறித்த கல். அம்மா மூட்டைப் பிடித்துக்கொண்டு நின்று "என்னடா அது?" என்றார். ஆர்னோவில் வெள்ளம் வந்தபோது தண்ணீர் நின்ற மட்டம் என்றேன். அண்ணாந்து பார்த்துவிட்டு "நம்ம ரூம் எத்தனாவது மாடி?" என்றார்.

"மூணு."

"அப்ப சரி."

பெரிய மரக் கதவு, அழைப்பு மணிப் பலகை. அதில் ஒரு வக்கீல், ஒரு பல் டாக்டர், மூன்று ஓட்டல். மாடிக்கு ஒரு ஓட்டல் வீதம் ஒரே கட்டடத்துக்குள் மூன்று. மணியை அழுத்தினேன், கதவு திறந்தது, எதிரே படிக்கட்டு. லிஃப்ட் எங்கே என்று தேடினால், இருபத்து நாலு படி ஏறி அரைமாடிக்குப் போனால் அங்கே இருக்கிறது. லிஃப்ட் உண்டு என்றுதான் அவர்களும் போட்டிருந்தார்கள், தரையிலிருந்து என்று போடவில்லையே. அம்மா பக்கவாட்டில் திரும்பி, கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படிக்கும் ஒரு முருகா வீதம் ஏறினார். மனைவி என்னைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை.

அந்த லிஃப்டை நான் மறக்க மாட்டேன். இரும்புக் கூண்டு, உள்ளே மரத்தில் இரட்டைக் கதவு, கையால் சாத்த வேண்டும். மூன்று பேர் போகலாம் என்று தகட்டில் எழுதியிருந்தது. அந்த மூன்று பேரும் ஒருவரை ஒருவர் மிகவும் நேசிப்பவர்களாக இருக்க வேண்டும். அம்மாவையும் ஒரு பெட்டியையும் உள்ளே நிறுத்தியதோடு இடம் முடிந்தது. பட்டன்களில் எழுத்தெல்லாம் தேய்ந்து போயிருந்தது. "அம்மா, கீழேயிருந்து மூணாவது பட்டனை அமுக்குங்க, நாங்க படியில வந்துடறோம்" என்றேன். மிகத் தெளிவான யோசனை என்றுதான் அப்போது நினைத்தேன். கீழே முதல் பட்டன் அரைமாடிக்கு உரியது, அதனால் மூன்றாவது பட்டன் இரண்டாம் மாடி என்கிற கணக்கு, நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க மூன்றாம் மாடி வாசலில் வந்து நின்று அம்மாவைக் காணாத பிறகுதான் உறைத்தது.

கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் வரவேற்பில் உட்கார்ந்திருந்தார். எங்கள் இருவரையும் எண்ணினார், திரையைப் பார்த்தார், மறுபடி எண்ணினார். "த்ரே?" என்றார். மூணுதான் ஐயா, ஒருவர் கட்டடத்துக்குள் எங்கேயோ இருக்கிறார் என்பதை நான் எந்த மொழியில் சொல்வது? பெட்டியைப் போட்டுவிட்டுக் கீழே ஓடினேன்.

இரண்டாம் மாடி ஓட்டலில் அம்மா சோபாவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு தம்ளர் தண்ணீர், தட்டில் இரண்டு பிஸ்கட். காலை நீட்டிக்கொள்ள ஒரு சின்ன முக்காலி. மேசைக்குப் பின்னால் அம்மா வயதுள்ள ஒரு பெண்மணி, கையில் அம்மாவின் பாஸ்போர்ட், கணினியில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தார்.

"வாடா. பாஸ்போர்ட் கேட்டாங்க, குடுத்துட்டேன். சன் கமிங்னு சொல்லியிருக்கேன்."

இத்தாலியில் எங்கே தங்கினாலும் பாஸ்போர்ட்டை வாங்கி, தங்குபவர் விவரத்தைப் போலீஸுக்கு அனுப்பிவிட வேண்டும், 1931-ஆம் ஆண்டுச் சட்டம். அந்தப் பெண்மணி கடமை தவறாதவர். ஆனால் ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டார். அம்மாவின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்கிற கட்டம் காலி. நம்மில் பலருக்கும் அப்படித்தானே. அவர் "கொன்யோமே? கொன்யோமே?" என்று கேட்க, அம்மா ஒவ்வொரு முறையும் தன் பெயரையே இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லியிருக்கிறார். விசா விண்ணப்பம் முதல் விமான டிக்கெட் வரை எத்தனையோ இடத்தில் எங்களைப் படாத பாடு படுத்திய அந்தக் காலிக் கட்டம், வாழ்க்கையில் முதல்முறையாக உதவிக்கு வந்தது. அது மட்டும் நிரம்பியிருந்தால் அம்மா அங்கேயே பதிவாகியிருப்பார்.

விஷயம் புரிந்ததும் அந்தப் பெண்மணி சிரித்த சிரிப்பில் மேல் மாடியிலிருந்து எங்கள் ஓட்டல்காரரே எட்டிப் பார்த்தார். அம்மா பிஸ்கட்டை முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

மேலே சுற்றுலா வரி என்று ஆளுக்கு 4.50 வீதம் 13.50 யூரோ, ரொக்கமாக. இது எல்லா ஓட்டலிலும் உண்டு, மாநகராட்சிக்குப் போகிறது, பதிவு செய்யும்போதே அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்ததாம். அறை சின்னது, ஆனால் பளிச். ஜன்னலைத் திறந்தால் டுவோமோ தெரியவில்லை, எதிர்வீட்டுச் சமையலறையின் புகைக்குழாய் தெரிந்தது. ரேடியேட்டர் ஐஸ் கட்டியாக இருந்தது. போய்ச் சொன்னேன். பெரியவர் நாள்காட்டியைக் காட்டி "பிரிமோ நொவெம்ப்ரே" என்றார். கஞ்சத்தனம் என்று நினைத்துவிட்டேன், பாவம். ஃபிளாரன்ஸ் இருக்கிற வட்டாரத்தில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரைதான் சூடாக்கியைப் போடலாம் என்று அரசாங்கமே நாள் குறித்து வைத்திருக்கிறது. ஆளுக்கு ஒரு கம்பளி கூடுதலாகக் கொடுத்தார்.

அம்மா குளியலறைக்குள் போனவர் முகமெல்லாம் மலர்ச்சியாகத் திரும்பி வந்தார். "டேய், இங்க கழுவிக்கிறதுக்குத் தனியா ஒரு தொட்டியே வச்சிருக்கான்டா!" பிடே. ஜெர்மனியில் ஒரு மாதமாகப் பாட்டிலில் தண்ணீர் பிடித்துச் சமாளித்தவருக்கு அது என்ன ஆறுதல் என்று நமக்குத்தான் தெரியும். 1975-இல் வந்த அரசாணைப்படி இத்தாலியில் வீடு கட்டினால் ஒரு குளியலறையிலாவது அது இருந்தாக வேண்டும் என்று சொன்னதும், "இவங்கதான் மனுஷங்க" என்று மொத்த நாட்டுக்கும் சான்றிதழ் கொடுத்துவிட்டார்.

அடுத்து நான் குளிக்கப் போனேன். சோப்புப் போட்ட பிறகு தண்ணீர் பச்சைத் தண்ணீராக வந்தது. ஷவருக்குப் பக்கத்தில் மேலிருந்து ஒரு கயிறு தொங்கியது, நுனியில் பிளாஸ்டிக் வளையம். கீஸர் சுவிட்ச்! இழுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் இரண்டு தடவை நன்றாக இழுத்தேன். எங்கேயோ தூரத்தில் பீப் பீப் என்று சத்தம், அப்புறம் யாரோ ஓடி வருகிற சத்தம், அறைக் கதவு படபடவென்று தட்டப்படுகிற சத்தம். குளிக்கும்போது வழுக்கி விழுந்தவர்கள் உதவிக்கு இழுக்கிற கயிறாம் அது, இத்தாலிய ஓட்டல் குளியலறைகளில் சர்வசாதாரணம். துண்டும் நுரையுமாக நான் எட்டிப் பார்த்தபோது பெரியவர் ஒரு கையில் முதலுதவிப் பெட்டியுடன் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். மனைவி தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தாள், தோள் குலுங்கியது.

நம் ரயிலில் அபாயச் சங்கிலியைச் சும்மா இழுத்தால் அபராதம் என்று படித்துப் படித்து வளர்ந்தவர் அம்மா. கவலையோடு கேட்டார், "எவ்வளவு ஃபைன் கேக்குறான்?"

ராத்திரி பீட்சா, சீக்கிரத் தூக்கம். குவிமாடத்தைப் பார்த்துக்கொண்டு பொடிநடை போவதற்கு யாருக்கும் தெம்பில்லை. ஆனால் காலை ஏழு மணிக்குக் கோயில் மணி அடித்தது பாருங்கள், ஒன்று தொடங்கி, பக்கத்துத் தெருவில் இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. 450 மீட்டர் என்பது உண்மைதான், அதில் சந்தேகமே இல்லை.

காலை உணவுக்கு உறையில் போட்ட ரஸ்க். அவர்கள் அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள், ஆனால் ரஸ்க்தான். அம்மா காப்பியில் முக்கி ஐந்து சாப்பிட்டார். பெட்டிகளை ஓட்டலிலேயே விட்டுவிட்டு டுவோமோ போனோம். உள்ளே போக இலவசம், வரிசைதான் நீளம். குவிமாடத்துக்கு மேலே ஏற டிக்கெட், 463 படி, லிஃப்ட் கிடையாது. புருனெல்லெஸ்கி என்கிற கட்டடக் கலைஞர் 1420-இல் தொடங்கி 1436-இல் கட்டி முடித்தது. கல்லையும் செங்கல்லையும் மேலே தூக்குவதற்கு மாடு பூட்டி இழுக்கிற பொறி ஒன்றை அவரே செய்திருந்தார் என்று அம்மாவுக்குச் சொன்னேன்.

"கல்லுக்கு லிஃப்ட் வச்சிருக்கான். அதுவும் தரையிலேர்ந்து" என்றார் அம்மா.

திரும்பி வந்து பெட்டிகளோடு கீழே இறங்கும்போது இரண்டாம் மாடிப் பெண்மணி வாசலில் நின்றிருந்தார். "சிஞ்ஞோரா!" என்று ஓடி வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டார். அம்மா அவர் கன்னத்தைத் தொட்டு நெட்டி முறித்தார். இருவரும் அவரவர் மொழியில் ஏதோ பேசிக்கொண்டார்கள், இருவருக்கும் புரிந்தது போலத்தான் இருந்தது. சும்மா இருக்காமல் நான் அவரிடம் மெதுவாக, மூன்று பேர் அறை என்ன விலை என்று கேட்டேன். 105 என்றார். இதே லிஃப்ட், ஒரு மாடி குறைவு.

லிஃப்ட் கதவை நான் சாத்தும்போது மனைவி கேட்டாள், "என்னங்க சொன்னாங்க?"

"நல்லபடியா போய்ட்டு வாங்கன்னாங்க."

கூண்டுக்குள்ளிருந்து அம்மா குரல் வந்தது. "யூரோன்னு காதுல விழுந்துச்சே?"