அந்த ஒரு கட்டத்துல என்ன எழுதறது

எறும்புத்தின்னி மேல பொருத்துன ரேடியோ டேக்கோட பதிவுல, நிலைங்கற கட்டத்துல என்ன எழுதறதுன்னு கூட வேலை பாக்கற அண்ணனும் நானும் பேசுனது இன்னும் மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு. "டேக் சிக்னலோட துடிப்பு வேகமாத்தானே கேட்டுச்சு, இறந்துருச்சுன்னு போட்டுட்டு அடுத்தத பாரு"ன்னாரு. "உடம்ப பாக்காம எப்படிண்ணே போடறது"ன்னேன். அதுக்கு அவர் சொன்ன பதில்தான் என்னை விட மாட்டேங்குது, "நீ தெரியலன்னு போட்டா அது எந்தக் கணக்குலயும் வராது."

துடிப்பு வேகமாச்சுன்னா டேக் பல மணி நேரமா அசையலன்னு அர்த்தம், அவ்வளவுதான். செத்திருக்கலாம், இல்ல செதில்ல பொருத்துன டேக் கழண்டு இலைக்குள்ள கிடக்கலாம். காட்டுக்குள்ள நடந்து தேடுனப்ப எதுவுமே கேக்கல, மேடு பள்ளமும் ஈர இலையும் சிக்னல முழுங்கிடும், வளைக்குள்ள இருந்தா இன்னும் மோசம். அதான் சிங்கப்பூர் புக்கிட் பாஞ்சாங் பக்கம் ஒரு அடுக்குமாடி புளோக்ல மேல் மாடிக்குப் போயி காரிடார்ல நின்னு ஆன்டெனாவ நீட்டுனோம். உயரம் கூடுனா தூரத்து சிக்னலும் வரும். அண்ணன் வெளிநாட்டுல செஸ்னா விமானத்துல இந்த வேலைய செஞ்சவரு, ரெண்டு இறக்கையிலயும் ஒவ்வொரு ஆன்டெனா, மடியில சுவிட்ச் பெட்டி, இடது வலதுன்னு மாத்தி மாத்திக் கேட்டு சத்தம் கூடுற பக்கம் பைலட்ட திருப்பச் சொல்லணும், ரெண்டும் சமமா கேட்டா விலங்கு நேரா முன்னாடின்னு சொல்வாரு. நம்ம ஊர்ல எங்க அப்படி சுத்துறது, ஒரு பக்கம் தெங்கா விமானத் தளம், ஒரு பக்கம் சிலேத்தார் விமான நிலையம்.

ரிசீவர் சத்தத்த நூல் அளவு குறைச்சுக்கிட்டே ஆன்டெனாவ மெல்ல திருப்புனேன், பிகேஇ விரைவுச்சாலை பக்கம் நல்லா கேட்டுச்சு, ஆனா எதிர் புளோக் பக்கம் திருப்புனாலும் கொஞ்சம் கேட்டுச்சு, கான்கிரீட்ல பட்டுத் திரும்பி வர்றதா இருக்கும். கீழ எறங்கிப் போயி கேட்டா மறுபடியும் வெறும் இரைச்சல். இதை வச்சு ஒரு உயிர் போச்சுன்னு நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்? "நிலை தெரியவில்லை"ன்னுதான் எழுதுனேன், இப்பவும் அதுதான் சரின்னு நினைக்கிறேன்.

ஆனா பிகேஇ 1986ல அந்தக் காட்ட ரெண்டா வெட்டுன ரோடு. 2013ல மேல விலங்குங்க கடக்கறதுக்குன்னு ஈகோ-லிங்க் பாலம் வந்துச்சு, எறும்புத்தின்னிங்க அதுல கடக்குதுங்க, இருந்தாலும் இங்க ரோட்டுல அடிபடுறது நிக்கல. உலகத்துலயே அழியற விளிம்புல இருக்கற இனம் இது. எங்க செத்துச்சு எப்படி செத்துச்சுன்னு பதிவு இருந்தாத்தானே வேலி போடு, விளக்கு போடுன்னு போயி கேக்க முடியும். அப்ப என் நேர்மையால யாருக்கு லாபம்னு ராத்திரி படுத்தா தோணுது. அடுத்த நிமிஷமே, பாக்காததெல்லாம் செத்ததுன்னு எழுத ஆரம்பிச்சா அந்தப் பதிவ யாரு நம்புவாங்கன்னும் தோணுது. விமானமே இருந்திருந்தாலும் இடம்தான் தெரிஞ்சிருக்கும், குனிஞ்சு இலைய விலக்கிப் பாக்க ஒரு ஆளு நடந்துதான் ஆகணும், இதை அண்ணனே ஒத்துக்கிட்டாரு.

அப்பறம் இன்னொரு டேக் அதே மாதிரி வேகமா துடிச்சப்ப, புதுசா சேந்த தம்பி "என்ன போடறது அக்கா"ன்னு கேட்டான். என் வாயில மொதல்ல வந்தது அண்ணன் சொன்ன வார்த்தைதான். சொல்லல, "நடந்து பாத்துட்டு வா"ன்னு அனுப்பிட்டேன், ஆனா அவன் தேடிப் பாத்தும் கிடைக்காம வந்து நின்னா என்ன சொல்றதுன்னு எனக்கே முடிவு இல்ல.