தாராவிப் பட்டறைக்கு ஒரு டாட் டெல் முகவரி

தொடர்பு விவரங்களுக்கென்றே ஒரு டொமைன் (இணைய முகவரி) இருக்கிறது, 'டாட் டெல்' (.tel) என்று முடியும். அதனால் நிஜமாகவே உபயோகம் உண்டா என்று தாராவியில் தோல் பட்டறை வைத்திருக்கும் என் மாமாவுக்காக விசாரிக்கப் போய், கடைசியில் வாங்கி, அமைத்து, இப்போது அது ஓடிக்கொண்டிருக்கிறது. சிறுதொழில் செய்கிற நம்மவர்கள் யாராவது இதே யோசனையில் இருக்கலாம். அவர்களுக்காக நடந்ததை எழுதுகிறேன்.

தேவை எங்கே வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மாமாவின் பட்டறை 90 அடி சாலையிலிருந்து உள்ளே போகிற ஒரு சந்தில், மாடியில் இருக்கிறது. தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். பர்ஸ், லேடீஸ் பேக், லேப்டாப் பை எல்லாம் தைக்கிறார்கள். ஒவ்வொரு பையின் உள்ளேயும் தீப்பெட்டி அளவுக்கு ஒரு தோல் துண்டு தைத்திருக்கும். எழுத்து வெட்டிய பித்தளை அச்சை, அதாவது டையை, சூடாக்கி, கடைப் பேரையும் போன் நம்பரையும் அதில் அழுத்திப் பதிப்பார்கள். மாமாவுக்கு விளம்பரம் என்றால் அது ஒன்றுதான். புனேயிலோ அகமதாபாத்திலோ யாரோ ஒருவர் ஜிப் போனதும் பைக்குள் பார்த்து அந்த நம்பருக்கு அடிப்பார், அப்படியே இன்னும் ரெண்டு பை ஆர்டர் கொடுப்பார்.

அந்த நம்பர்தான் நிலைத்ததே இல்லை. முதலில் ஏழு இலக்க லேண்ட்லைன். மும்பை லேண்ட்லைன் எல்லாவற்றுக்கும் முன்னால் 2 சேர்த்து எட்டு இலக்கமாக்கியபோது டையை மாற்றினார்கள். அப்புறம் லேண்ட்லைனே போய் மொபைல் வந்தது. 2011 ஜனவரியில் நாடு முழுக்க நம்பரை மாற்றாமலே கம்பெனி மாறலாம் என்று வந்ததால், இனி கவலை இல்லை என்றுதான் மாமா நினைத்தார். ஆனால் அந்த சிம் சின்ன மாமா பேரில் இருந்தது. அவர் தனியாகத் தொழில் தொடங்கியபோது நம்பரும் அவரோடு போய்விட்டது. இப்போது தாராவியையே இடித்துக் கட்டும் மறுசீரமைப்புப் பேச்சு வேறு. கணக்கெடுப்பு ஆட்கள் சந்துக்குள் வந்து போனதிலிருந்து பட்டறை எங்கே போகும் என்று யாருக்கும் தெரியவில்லை. "நம்பரும் நிக்கல, இடமும் நிக்காது போலிருக்கு. டையில எதத்தான் போட மாப்ள?" என்று மாமா கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடத்தான் உட்கார்ந்தேன்.

ஏற்கெனவே ஒரு டாட் இன் முகவரி இருந்தது. வெப்சைட் செய்து கொடுத்தவர் டொமைனைத் தன் பேரிலேயே, தன் மின்னஞ்சலிலேயே பதிவு செய்திருந்தார். புதுப்பிக்கச் சொல்லி வந்த அறிவிப்புகள் எல்லாம் அவருக்குத்தான் போயின. அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார், டொமைன் காலாவதியானது, வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள். காசும் கொடுத்து, கடைப் பேரையும் கொடுத்து, ஒன்றும் மாமா கையில் நிற்கவில்லை. எனக்கு அதில் இன்னும் ஆத்திரம் உண்டு. டாட் காம் வேறொரு ஊர்க்காரரிடம் இருந்தது. கடைப் பேரைத் தமிழிலேயே எழுதி 'டாட் இந்தியா' என்று முடியும் முகவரியும் வாங்கலாம், ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் பை வாங்குகிறவர்கள் குஜராத்தி, மராத்திக்காரர்கள், அவர்கள் தமிழ் எழுத்தை எப்படித் தட்டுவார்கள்? தேடியபோது அதே பேர் டாட் டெல்லில் காலியாக இருந்தது.

டாட் டெல் புதிது மாதிரித் தெரிந்தாலும் புதிதல்ல. லண்டனைச் சேர்ந்த டெல்னிக் என்ற நிறுவனம், உலக அளவில் இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் அமைப்போடு 2006இல் ஒப்பந்தம் போட்டு, 2009 மார்ச் 24 முதல் எல்லோருக்கும் விற்றது. அதன் யோசனை எனக்கு இன்றைக்கும் பிடித்திருக்கிறது. சாதாரண டொமைனின் பின்னால் ஏதோ ஒரு சர்வரின் (பக்கங்களை வைத்திருக்கும் கணினியின்) முகவரி இருக்கும். அந்த சர்வரில் ஒரு பக்கம், அந்தப் பக்கத்தில் உங்கள் நம்பர். டாட் டெல்லில் சர்வர், பக்கம் எதுவும் வேண்டாம், நம்பரையும் மின்னஞ்சலையும் இணையத்தின் முகவரிப் புத்தகமான டிஎன்எஸ்ஸிலேயே எழுதி வைத்துவிடலாம் என்றார்கள். இதற்கு என்ஏபிடிஆர் என்று ஒரு பதிவு வகை. தொலைபேசி எண்களை டிஎன்எஸ்ஸில் தேடும் ஈநம் என்ற முறைக்கும் இதே பதிவுதான். இணைப்பு எவ்வளவு மெதுவாக இருந்தாலும் பதில் வந்துவிடும், ஏனென்றால் வர வேண்டியது ஒரு வரிதான். 2009இல், 2ஜி போனில், இது சின்ன விஷயமில்லை. தனிப்பட்ட நம்பரைப் பூட்டி வைத்து, அனுமதித்தவர்கள் மட்டும் படிக்கிற மாதிரியும் செய்திருந்தார்கள்.

ஆனால் ஆரம்பத்தில் டாட் டெல்லில் சொந்தமாக வெப்சைட் வைக்க விடவில்லை. பிரவுசரில் தட்டினால் அவர்களுடைய ஒரே மாதிரிப் பக்கம்தான் வரும். அந்தக் கட்டுப்பாட்டை 2017இல் எடுத்துவிட்டார்கள். இன்று மற்ற டொமைன் மாதிரிதான் இதுவும்.

வாங்குவது கஷ்டமில்லை. ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருந்தேன். உரிமையாளர் என்ற இடத்தில் மாமா பேர், மாமாவின் மின்னஞ்சல். காசு கட்டியதும் அந்த மின்னஞ்சலுக்கு ஒரு சரிபார்ப்பு இணைப்பு வரும். 15 நாளுக்குள் அதை அழுத்தாவிட்டால் டொமைனை நிறுத்தி வைத்துவிடுவார்கள், ஐகேன் விதி அது. மாமாவின் இன்பாக்ஸில் அது விளம்பரங்களுக்கு நடுவே கிடந்தது, தேடித்தான் எடுத்தோம். 2018 மே மாதத்துக்கு முன்னால் டொமைன் வாங்கியவர் பேர், வீட்டு முகவரி எல்லாம் பெரும்பாலும், டொமைன் யாருடையது என்று காட்டும் ஹூ-இஸ் தேடலில் ஊருக்கே தெரியும். ஐரோப்பாவின் தனியுரிமைச் சட்டம் வந்தபின் பொதுவாக மறைத்துவிடுகிறார்கள். ஆனாலும் வீட்டு நம்பரைக் கொடுக்காமல் கடை நம்பரையே கொடுத்தோம்.

டிஎன்எஸ்ஸில் நம்பரை எழுதும் அந்தப் பழைய முறையையும் பார்த்துவிட ஆசை. ரெஜிஸ்ட்ராரின் (டொமைன் விற்ற நிறுவனத்தின்) பக்கத்தில் பதிவு சேர்க்கும் பட்டியலைத் திறந்தால் ஏ, சிநேம், எம்எக்ஸ், டிஎக்ஸ்டி என்று மற்ற பதிவு வகைகள் வரிசையாக இருந்தன, என்ஏபிடிஆர் மட்டும் இல்லை. அங்கே உதவிக்கு வந்தவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. அதனால் டிஎன்எஸ்ஸை மட்டும் அந்த வகையை ஏற்கும் வேறொரு இலவச சேவைக்கு மாற்றினேன். அந்தப் பதிவில் நிரப்ப வேண்டிய கட்டங்கள் சில: வரிசைக்கு 100, முன்னுரிமைக்கு 10, கொடிக்கு (ஃபிளாக்) 'யு' என்ற ஒற்றை எழுத்து, அடுத்து இது பேசும் நம்பர் என்று சொல்லும் சேவைக் குறிப்பு, கடைசியில் ஆச்சரியக்குறிகளுக்கு நடுவே நம்பர். நாட்டு எண் 91ஐயும் அதன் முன்னால் கூட்டல் குறியையும் விடக்கூடாது. சேமித்துவிட்டு லேப்டாப்பில், டிஎன்எஸ்ஸைக் கேட்டுப் பார்க்கும் 'டிக்' கட்டளை கொடுத்தேன். கண் இமைக்கும் நேரத்தில் மாமாவின் நம்பர் வந்து நின்றது. எந்த வெப்சைட்டும் இல்லாமல், உலகத்தில் எங்கிருந்து கேட்டாலும் கிடைக்கிற மாதிரி. எனக்கு மெய்யாகவே சந்தோஷமாக இருந்தது.

அதே முகவரியைப் பட்டறைப் பையனின் போனில் தட்டினால் 'இந்தத் தளத்தை அடைய முடியவில்லை' என்றுதான் வந்தது. டாட் டெல்லின் முழுச் சிக்கலும் இங்கேதான். பதிவு இருக்கிறது, படிக்க ஆளில்லை. பிரவுசர் என்ஏபிடிஆரைத் தேடுவதில்லை. போனின் டயலர் பேரைத் தட்டினால் டிஎன்எஸ்ஸைக் கேட்பதில்லை. அந்தக் காலத்தில் டெல்னிக் ஐபோனுக்கும் பிளாக்பெர்ரிக்கும் செயலி கொடுத்துப் பார்த்தது. கூப்பிடுகிறவர் ஒரு செயலியை நிறுவினால்தான் கூப்பிட முடியும் என்றால் யார் நிறுவுவார்கள்? ஆண்ட்ராய்டும் ஐபோனும் தாங்களாகவே அந்தப் பதிவைப் படித்திருந்தால் கதையே வேறு.

சரி, பக்கம் ஒன்று போட்டுத்தான் ஆக வேண்டும் என்று முடிவானது. படம் இல்லாத, ஒரு திரைக்குள் அடங்குகிற பக்கம். மேலே கடைப் பேர், கீழே நான்கு பெரிய பொத்தான்கள்: கூப்பிட, வாட்ஸ்அப் அனுப்ப, வழி பார்க்க, நம்பரைச் சேமிக்க. நான் அதிகம் மெனக்கெட்டது நாலாவதில்தான். அதை அழுத்தினால் ஒரு விகார்டு கோப்பு (போன் படிக்கக்கூடிய விசிட்டிங் கார்டு மாதிரி) இறங்கி, கடைப் பேரும் நம்பரும் நேராக போன் புத்தகத்துக்குப் போகும். அந்தக் கோப்பைப் பழைய 2.1 வடிவத்தில் செய்தால் சில போன்களில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக வருகிறது, 3.0இல் ஒழுங்காக வருகிறது. டிஎன்எஸ்ஸில் டிடிஎல்லை, அதாவது ஒரு பதிலை மற்ற கணினிகள் எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கலாம் என்பதை, 3600 வினாடி என்று வைத்தேன். பக்கம் வேறு சர்வருக்கு மாறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் எல்லோருக்கும் புதிய இடம் தெரிந்துவிடும். நம்பர் மாறினால் பக்கத்தில் ஒரு வரியையும் அந்தக் கோப்பையும் திருத்தினால் போதும்.

அடுத்தது டை. இதை நான் எதிர்பார்க்கவில்லை. டை வெட்டுகிறவர் முகவரியைப் பார்த்துவிட்டு, நடுவில் இருக்கிற புள்ளி தோலில் நிற்காது என்றார். தோலின் மேல் இயல்பாகவே சின்னச் சின்னக் குழிகள் உண்டு, புள்ளி அதில் கலந்துவிடும், டெல் என்பது கடைப் பேரோடு ஒட்டிக்கொண்டு ஒரே சொல்லாகத் தெரியும். அவரே அதைச் சதுரமாக, எழுத்தின் பருமனுக்கு வெட்டிக் கொடுத்தார். முன்னால் மூன்று டபிள்யூ போடச் சொன்னது மாமா. அது இல்லாவிட்டால் இது இணைய முகவரி என்றே பலருக்குத் தெரியாது என்றார், அவர் சொன்னது சரி. (அப்படிப் போட்டால் அந்த மூன்று டபிள்யூவுக்கும் தனியாக ஒரு டிஎன்எஸ் பதிவு சேர்க்க வேண்டும்.) கியூஆர் கோடைத் தோலில் அழுத்திப் பார்த்தோம், கேமரா படிக்கவில்லை. அதனால் தொங்கவிடும் காகித அட்டையில் மட்டும் அச்சிட்டோம். இலவசமாகக் கிடைக்கிற சில கியூஆர் சேவைகள் தங்கள் இணைப்பு வழியாக அனுப்பி, சோதனைக் காலம் முடிந்ததும் நிறுத்திவிடுகின்றன. உங்கள் முகவரியே நேராக அடங்கிய கோடுதானா என்று ஸ்கேன் செய்து பார்த்துவிட்டு அச்சுக்குக் கொடுங்கள்.

பலன் இருக்கிறதா என்றால், இருக்கிறது. புதுப் பைகளை வாங்கியவர்கள் அந்தப் பக்கம் வழியாக வாட்ஸ்அப்பில் வருகிறார்கள். ஆனால் போனில் வாயால் சொல்லும்போது டாட் டெல் தகராறு செய்கிறது. பின்னாலேயே டாட் காம் என்று சேர்த்துத் தட்டுகிறவர்கள் உண்டு, எழுதி அனுப்பினால்தான் சரியாகப் போகிறார்கள். அதனால் என் கருத்து இதுதான்: டாட் இன் காலியாக இருந்தால் அதையே வாங்குங்கள், இதே வேலையை அது செய்யும், நம் ஊரில் எல்லோருக்கும் பழக்கம். உங்கள் கடைப் பேர் அதில் இல்லாமல் டாட் டெல்லில் கிடைத்தால் தயங்க வேண்டாம். மேப்ஸில் கடை இருக்கிறதே, வாட்ஸ்அப் பிசினஸ் இருக்கிறதே என்பார்கள். ரெண்டும் மாமாவிடமும் இருக்கின்றன, வேண்டும்தான். ஆனால் வாட்ஸ்அப் நம்பரோடு கட்டியது, மேப்ஸ் இடத்தோடு கட்டியது. தாராவியில் இப்போது நிச்சயமில்லாதவை அந்த ரெண்டும்தானே.

புதுப்பித்தலை மட்டும் விட்டுவிடாதீர்கள். காலாவதிக்குச் சுமார் ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் ரெஜிஸ்ட்ரார் நினைவூட்ட வேண்டும் என்று விதி இருக்கிறது. தவறவிட்டு டொமைன் நீக்கப்பட்டால்கூட 30 நாள் மீட்புக் காலம் உண்டு, ஆனால் அதற்கு வாங்குகிற கட்டணம் அதிகம். அதிகபட்சம் 10 ஆண்டுகளுக்குச் சேர்த்துக் கட்டலாம், மாமா அப்படியே கட்டினார். டை வெட்டும் கூலியோடு ஒப்பிட்டு அவரே போட்ட கணக்கு அது. கடவுச்சொல்லை அத்தை கணக்கு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார், அந்த மின்னஞ்சல் அவருடைய போனிலும் திறக்கும்.

கீழ்வீட்டு பெல்ட் கடைக்காரர் தனக்கும் வேண்டும் என்கிறார். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு உட்கார வேண்டும். முதல் வேலை, அவர் பேரில் ஒரு மின்னஞ்சல் திறப்பது. இதுவரை எல்லாமே மகனின் மின்னஞ்சலில்தான் ஓடுகிறது, மகன் துபாயில்.